நாக்பூர் போன டவேரா

எங்கள் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு காரில் ஏறினால் எங்கோ ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வாடகைக் காரில் நான் போன பயணங்களை எண்ணிப் பார்க்கிறேன். குடிசை எரிந்த ஊர். தண்ணீர்த் தொட்டியில் அசிங்கத்தைக் கலந்த ஊர். காதலித்த பையனைத் தண்டவாளத்தில் கண்டெடுத்த ஊர். அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசல், எஸ்.பி. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மறுபடி பிணவறை வாசல். போகும்போது முன்சீட்டில் ஃபைல் இருக்கும். வரும்போது வாக்குமூலம் எழுதிய நோட்டு மடியில் இருக்கும். உண்மை கண்டறியும் குழு என்று பெயர். அந்தக் குழுவில் யாரும் பாட்டுப் போடச் சொல்லமாட்டார்கள்.

2024 அக்டோபரில் ஐந்து பேர் மதுரையில் ஒரு டவேராவில் ஏறினோம். திண்டுக்கல் தாண்டுவதற்குள் மூத்த தோழர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. "யாருக்கு என்னாச்சு?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மா போகிறோம் என்றேன். "சும்மாவா?" என்றார். நாக்பூர் என்றதும் கொஞ்சம் சமாதானமானார். ஆனால் பின்சீட்டிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "தீட்சா பூமிக்குப் போறீங்க, கொஞ்சம் மரியாதையாப் போங்க தோழர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் தலைமுறை பார்த்த சாவுகள் வேறு. ஆனாலும் இந்தக் கட்டுரை அவருக்கும் சேர்த்துத்தான்.

1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்ற இடம் நாக்பூர். அந்த வருடம் விஜயதசமி அன்றைக்கு வந்தது. அதனால் இன்றுவரை விஜயதசமிக்கு அங்கே கூட்டம் சேருகிறது. ரயிலில் டிக்கெட் உறுதியாகவில்லை. மதுரையிலிருந்து நாக்பூர் சுமார் 1500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் வழி நெடுக. திரும்பவே வேண்டாம், நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வாத்தியார், வயது 66. வக்கீல் அக்கா. பறையடிக்கிற தம்பி, அவன் பறையையும் டிக்கியில் ஏற்றியிருந்தான். நான். டிரைவர் அண்ணன். இந்த அண்ணன் எங்கள் குழுவுக்கு ஏழெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறார். பிணவறை வாசலில் விடிய விடிய எங்களோடு நின்றவர். என்னை எப்போதும் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

கரூர் தாண்டிக் காவிரிப் பாலம் வருவதற்குள் அந்தாக்ஷரி சலித்துவிட்டது. வாத்தியாருக்கு 1975க்குப் பிறகு வந்த படம் எதுவும் தெரியாது. தம்பிக்கு 2010க்கு முன்னால் எதுவும் தெரியாது. நடுவில் நானும் அக்காவும் மட்டும் பாடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அக்கா ஒரு புது விளையாட்டைச் சொன்னார். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் நம்மிடம் சாதியைக் கேட்டார்களே, அதை எப்படியெல்லாம் கேட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். அதிகம் சிரிக்க வைப்பவருக்கு ஒரு பாக்கெட் மணப்பாறை முறுக்கு, கூடவே முன்சீட்டு.

அக்காவே ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மா என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டாராம். எல்லாம் சாப்பிடுவோம் என்றாராம் அக்கா. "எல்லாம்னா?" "கோழி." "அப்புறம்?" "ஆடு." "அப்புறம்?" "மீனு, நண்டு, முட்டை." "அப்புறம்?" அந்த அம்மா கேட்க வந்த ஒரு மிருகத்தின் பெயரை இவர் சொல்லவே இல்லை. கடைசியில் "அப்புறம் வெத்தலை பாக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

தம்பியின் பெயரில் பாபாசாகேப் இருக்கிறார், அப்பா வைத்த பெயர். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டிருக்கிறார். சொன்னதும் எழுந்து நின்று கைகொடுத்து, "பெரிய தலைவர் பேரு. சட்டம் எழுதுனவரு. ரொம்ப சந்தோஷம் தம்பி. வீடு இல்ல" என்றாராம்.

வாத்தியார் கதை 1980களில் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துப் பாட்டியிடம் வீடு கேட்டுப் போயிருக்கிறார். பாட்டி குலசாமி எது என்று கேட்க, இவர் விறைப்பாகப் புத்தர் என்றிருக்கிறார். கோயில் எங்கே? கயாவில். "அம்புட்டுத் தூரமா? அப்ப நீங்க வடக்கத்தி அய்யரா?" இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் காலையில் மோர், வெள்ளிக்கிழமையானால் சர்க்கரைப் பொங்கல். "ரெண்டாவது மாசம் எங்கம்மா கருவாடு எடுத்துக்கிட்டு என்னையப் பாக்க வந்தாங்க. அத்தோட அய்யர் போயிட்டாரு" என்றார்.

என் கதைக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட வீட்டுக்காரரிடம் எம்.ஏ. சமூகவியல் என்றேன். "அப்ப ஒங்களுக்கே தெரியும், தப்பா எடுத்துக்க மாட்டீங்க" என்றார்.

இதே கதைகளை நாங்கள் வேறு இடங்களிலும் சொல்லியிருக்கிறோம். பயிலரங்கில், ஆணையத்தின் விசாரணையில், மாணவர்களிடம். அங்கே சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். எதிரே இருப்பவருக்குச் சாதி என்றால் என்ன என்பதிலிருந்து விளக்க வேண்டும். அவர் நம்ப வேண்டும், அதற்காக நாம் அழுதாலும் தப்பில்லை, சிரித்துவிடக் கூடாது. சிரித்தால் புகார் நீர்த்துப்போகும். இந்த டவேராவில் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. "அப்புறம்?" என்று அக்கா இழுத்த உடனே நாலு பேருக்கும் புரிந்துவிட்டது. நல்ல துணை என்றால் எனக்கு அதுதான், விளக்கவுரை தேவைப்படாத கூட்டம். ரேட்கிளிஃப் பிரவுன் கேலி உறவு பற்றி எழுதியதைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன், மாமன் மச்சான் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள சமூகமே கொடுத்திருக்கிற அனுமதி பற்றி. வீடு கிடைக்காத ஐந்து பேரும் ஒருவகையில் மாமன் மச்சான்தான் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

தொப்பூர் ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி திணறிக்கொண்டு போனது. வண்டி மெதுவானது. அதுவரை வாயே திறக்காத டிரைவர் அண்ணன், "நானும் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"வீடு பாக்கப் போனேன். ஊருக்குள்ள கேட்டாத்தானே இல்லம்பாங்கன்னு காலனிக்குள்ளயே போனேன். ஹால்ல அம்பேத்கர் படம், மாலையோட. சரி, நம்ம வீடுதான்னு நெனச்சு ஜெய் பீம்னேன். அவரும் ஜெய் பீம்னாரு. காபி வந்துச்சு. அட்வான்ஸ் பேசியாச்சு. அப்புறம் மெதுவா, 'தம்பி, நம்ம ஆளுகள்ல நீங்க எந்த ஆளுக?'ன்னாரு. சொன்னேன். காபி டம்ளரைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. அம்பேத்கரைப் பாத்தாரு. 'அடடா, மச்சினன் நேத்தே கேட்டான் தம்பி, மறந்துபோச்சு'ன்னாரு."

வண்டிக்குள் சத்தமே இல்லை. அண்ணன் அருந்ததியர். மற்ற நாலு பேரும் இல்லை. அந்த வீட்டுக்காரர் எங்களில் யாருடைய சித்தப்பாவாகவும் இருந்திருக்கலாம். லாரி எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது.

"அம்பேத்கர் என்ன பண்ணாரு?" என்று கேட்டார் வாத்தியார்.

"அவரு என்னத்தப் பண்ணுவாரு சார், கண்ணாடிக்குள்ள இருக்காரு."

முதலில் வாத்தியாரின் தோள்தான் குலுங்கியது. அப்புறம் அக்கா. அப்புறம் வண்டியே குலுங்கியது. தம்பிக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. போட்டி முடிந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முன்சீட்டு ஏற்கெனவே அண்ணனிடம்தான் இருந்தது என்பதால் முறுக்கு மட்டும் கைமாறியது.

சிரிப்போடு அது முடியவும் இல்லை. தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. மாநிலங்கள் இப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் ஒரே மேடையில் உட்கார்ந்தவர்கள் தனித்தனி அறிக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் உள் ஒதுக்கீட்டுக்கு எதிர். பிரித்தால் பலம் போய்விடும் என்பார். அண்ணன், "எம் பொண்ணு நர்சிங் சேந்தது அந்த மூணுலதான் சார்" என்றார். வாத்தியார், "சீட்டு சரிப்பா. தீர்ப்புல சில நீதிபதிங்க கிரீமி லேயரைக் கொண்டு வரலாம்னு எழுதியிருக்காங்களே, நாளைக்கு அது ஒம் பொண்ணு மகனைத்தானே வெளிய தள்ளும்?" என்றார். தர்மபுரியில் தொடங்கியது கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியும் ஓடியது. அண்ணன் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி, அதை அங்கேயே சொன்னேன். வாத்தியார் மாறவில்லை. ஆனால் மேடையாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து போயிருப்பார். ஓடுகிற காரிலிருந்து எங்கே எழுந்து போவது? ஓசூரில் டீ குடிக்க இறங்கியபோது அண்ணன் டம்ளரை வாத்தியாரே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "மச்சினன் கேக்கல, குடி" என்றார்.

பெங்களூரை நள்ளிரவு தாண்டிய பிறகு கடந்தோம். அனந்தபூர் பக்கம் விடிந்தது. அங்கிருந்து அக்கா ஓட்டினார். ஒரு சுங்கச்சாவடிப் பையன் ஓட்டுகிறவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தூங்குகிற ஆண் எழுந்திருப்பாரா என்று காத்திருந்தான். கழிப்பறைக் கதையை எழுதினால் தனிக் கட்டுரையாகும். கூத்திக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம் இருக்கிறது, மேனேஜர் ஊரில் இல்லை. வக்கீல் அக்கா ஐந்து நிமிடம் பேசினார். சாவி வந்துவிட்டது. எந்தச் சட்டப்பிரிவு என்று கேட்டேன். "பிரிவெல்லாம் இல்ல, சத்தம்" என்றார்.

கர்நூலில் துங்கபத்திரா, அதற்கு மேல் கிருஷ்ணா. தம்பி ஒவ்வொரு ஆற்றுக்கும் ஜன்னலைத் திறந்து கையசைத்தான். அவனுக்கு ஊர் மேலூர் பக்கம். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை மறித்து மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள் இல்லையா, அந்தச் சாலையில்தான் அவன் பள்ளிக்கூடம் போய் வந்தான். அதே வருடம்தான் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்குத் தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. எங்களுக்குச் சாலை என்றால் இதெல்லாமும் சேர்ந்ததுதான். அந்தச் சாலைக்காரன் கிருஷ்ணாவுக்குக் கையசைப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

திருவிதாங்கூரில் அய்யங்காளி 1893இல் ஒரு வில்வண்டி வாங்கி, மாட்டுக்கு மணி கட்டி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வெங்கானூர்ச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அந்தச் சாலையில் அவர் சமூகத்தார் நடக்கவே கூடாது. போராட்டம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது, சரிதான். ஆனால் அந்த மணியை நினைத்துப் பாருங்கள். மணி இல்லாமலும் போராடியிருக்கலாம். சும்மா ஜம்மென்று போக வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹைதராபாத்தைச் சுற்றுச்சாலையில் தாண்டிக் காமாரெட்டிக்கு முன்னால் ஒரு தாபாவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். மணி மூன்று, கூட்டம் இல்லை. தம்பி பறையை எடுத்தான். குளிர்காற்றில் தோல் தளர்ந்திருந்தது. தாபாவின் பின்பக்கம் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சைகையில் அனுமதி கேட்டுத் தோலை நெருப்பில் காட்டினான். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சமையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று தலையாட்டினார். பிறகு குச்சிகளைக் கேட்டு வாங்கி அவரே ஓர் அடி அடித்தார்.

அது எங்கள் அடி இல்லை, ஆனால் எங்கள் அடி மாதிரியே இருந்தது. அங்கே அதற்குப் பெயர் டப்பு. தம்பி தொடையில் தாளம் பிடித்தான். சமையல்காரர் ஏதோ கேட்டார், எங்களுக்குப் புரியவில்லை. டிரைவர் அண்ணன் கை கழுவிவிட்டு வந்து பதில் சொன்னார். தெலுங்கில்.

அண்ணன் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். ஏழெட்டு வருடமாக அவரோடு வண்டியில் போயிருக்கிறேன், அவர் அதைப் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், தமிழனே இல்லை, வந்தேறி என்றெல்லாம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் போனில் மனைவி கூப்பிட்டால்கூட வண்டியை விட்டுத் தள்ளிப் போய்த்தான் பேசுவார். இங்கே நடுவில் நின்று சத்தமாகப் பேசினார். சமையல்காரர் பாதி புரிந்து, பாதி புரியாமல் சிரித்தார். என் பாட்டி பேசினது மாதிரி பேசுகிறாய் என்றாராம். "மீதி ஏ ஊரு?" என்று கேட்டது மட்டும் எனக்கே புரிந்தது. உங்களுக்கு எந்த ஊரு?

அண்ணன் ஊரைச் சொன்னார். அப்புறம் அந்த ஆள் குரலைக் கொஞ்சம் தணித்து இன்னொன்று கேட்டார். அண்ணனும் ஒரு சொல் சொன்னார். "மனோள்ளே!" என்று கத்தியபடி சமையல்காரர் அண்ணன் முதுகில் ஒன்று வைத்தார். நம்ம ஆள்தான்! அவர் மாதிகா. மதுரையிலிருந்து நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்த அதே கேள்வி. அதற்கு இப்படி ஒரு பதில் கிடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு பாஷை தேவைப்படவில்லை. தம்பி ஒரு சுற்று அடித்தான், அவர் ஒரு சுற்று. லாரி டிரைவர்கள் இரண்டு பேர் ஆடினார்கள். அக்கா ஆடினார். தாபா முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. சமையல்காரர் உள் ஒதுக்கீடு கேட்டு 1994இல் தொடங்கிய மாதிகா தண்டோரா பற்றிச் சொல்ல, அண்ணன் மொழிபெயர்த்தார். தன் மகளின் நர்சிங் சீட்டைப் பற்றி இவர் சொன்னார் போலிருக்கிறது, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் ரொட்டி சாப்பிட்டார். கிளம்பும்போது அண்ணன், "தங்கச்சி, அந்தத் தண்ணி பாட்டிலை எடு" என்றார். மேடம் எங்கே போச்சு என்று நான் கேட்கவில்லை.

கோதாவரியைத் தாண்டி நிர்மல் வந்ததும் வக்கீல் அக்கா ஓர் அறிவிப்புச் செய்தார். இனி மகாராஷ்டிரா எல்லை சுமார் 100 கிலோமீட்டர். அதற்குள் டப்பா காலியாக வேண்டும்.

டப்பாவில் இருந்தது உப்புக்கண்டம். என் அம்மா மூன்று வெயில் காயவைத்து, வறுத்துக் கொடுத்தது. மாட்டுக்கறி.

"எல்லையில என்ன, செக் பண்ணுவாங்களா?" என்றான் தம்பி. அக்கா வகுப்பெடுத்தார். 2015இல் மகாராஷ்டிரா சட்டத்தைத் திருத்திக் காளை, எருதையும் வெட்டக்கூடாது என்றது. கறி கையில் வைத்திருந்தாலே குற்றம் என்றும், வெளிமாநிலத்தில் வெட்டிய கறியானாலும் குற்றம் என்றும் சேர்த்தார்கள். 2016 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வெளிமாநிலக் கறிப் பிரிவை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழ்நாட்டுக் கறியைக் கொண்டு போவது குற்றமில்லை.

"அப்ப என்ன பயம்?"

"ராத்திரி ரோட்டுல வண்டிய மறிக்கிறவன்கிட்ட தீர்ப்பு நகலையா காட்டுவ?"

மும்பை தீர்ப்பு வந்து இரண்டு மாதத்தில், குஜராத் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை ஒரு காரின் பின்னால் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை யாரும் வண்டியில் சொல்லவில்லை. சொல்லாமலேயே டப்பாவைத் திறந்தோம்.

ஆதிலாபாத் போகிற அந்தச் சாலை அழகு. இரண்டு பக்கமும் தேக்கு, நடுவில் ஏற்றம் இறக்கம், சாயங்கால வெயில். அரைக்கிலோ உப்புக்கண்டத்தை ஐந்து பேர் ஒரு மணி நேரத்தில் முடிப்பது சுலபமில்லை. தாபாச் சாப்பாடு வேறு வயிற்றில் இருந்தது. வாத்தியாருக்குப் பல் இல்லை, அவர் பங்கை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டார். அப்படியே பாபாசாகேப் போன டூர் கதையைச் சொன்னார், சொற்கள் கறிக்கு நடுவே வழுக்கி வழுக்கி வந்தன.

1934. இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர் சுற்றுலா போக ஆசைப்பட்டார்கள். நீங்களும் வந்தால் போகலாம் என்றார்கள். பாபாசாகேப்பும் சரி என்றார். எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்ப்பது திட்டம். நாசிக்கிலிருந்து பஸ்ஸும் காருமாகப் போனார்கள். வழியில் வம்பு வேண்டாம் என்று யார் என்பதை வெளியில் சொல்லவில்லை. தௌலதாபாத் கோட்டை வாசலில், பயணப் புழுதி போகத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவியிருக்கிறார்கள். தீண்டத்தகாதவர்கள் தொட்டியை அசுத்தப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார், கூட்டம் கூடிவிட்டது. ரம்ஜான் மாதம். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயைக் கூடவே அனுப்பிக் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். சிறுவனாக 1901இல் மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிடைக்காமல் போன பயணத்தையும் இதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

"எல்லாரும் அந்தத் தொட்டியைத்தான் சொல்லுவாங்க. நான் பசங்களுக்கு அதுக்கு முந்துன பக்கத்தச் சொல்லுவேன்" என்றார் வாத்தியார். "முப்பது பேரு. பஸ்ஸு. கூட பாபாசாகேப். தௌலதாபாத் வர்ற வரைக்கும் அந்த பஸ்ஸுக்குள்ள என்னல்லாம் பேசிச் சிரிச்சிருப்பாங்க? அத எவனும் எழுதி வைக்கல." வாயிலிருந்த துண்டை இடதுபக்கம் மாற்றிக்கொண்டார். "1901லயும் பாரு, புதுச் சட்டை, சரிகை வச்ச தொப்பி, மொத தடவ ரயிலு. அந்தப் பயக ஸ்டேஷன்ல எறங்குற வரைக்கும் எப்படி ஆடியிருப்பானுக."

பெண்கங்கா பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் டப்பாவில் நாலு துண்டு மீதி. யாராலும் முடியவில்லை. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, திரும்பி டப்பாவை வாங்கி, நாலையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு கியர் மாற்றினார். ஆற்றுக்குத் தம்பி கையசைத்தான், எண்ணெய்க் கையோடு. யாரும் வண்டியை மறிக்கவில்லை.

பாண்டர்கவடாவில் டீக்கு நிறுத்தினோம். கடைக்காரர் தம்பியின் சட்டையில் இருந்த நீலச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு "ஜெய் பீம்" என்றார், வணக்கம் சொல்வது போல, சாதாரணமாக. அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணன் "ஜெய் பீம்" என்று சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கடையில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். நாங்கள் டீயைத் துப்பிவிட்டோம். கடைக்காரருக்குப் பாவம், டீயில் என்ன கோளாறு என்று தெரியவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு நாக்பூருக்குள் நுழைந்தோம். தீட்சா பூமியைப் பற்றி, அங்கே விற்ற புத்தகங்களைப் பற்றி, பிள்ளை குட்டிகளோடு பிளாட்பாரத்தில் படுத்திருந்த கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். திரும்பி வரும்போதும் இதே 1500 கிலோமீட்டர், இதே ஐந்து பேர். காமாரெட்டி தாபாவில் மறுபடி நிறுத்தினோம், சமையல்காரருக்கு அன்றைக்கு லீவு. அவருக்கென்று அண்ணன் வாங்கி வைத்திருந்த நாக்பூர் ஆரஞ்சுப் பையைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வந்தார்.

வாடகை, டீசல், சுங்கம் எல்லாம் கணக்குப் போட்டு ஐந்தாகப் பிரித்தோம். அண்ணன் தன் பங்கையும் கழித்துக்கொண்டுதான் வாடகை வாங்குவேன் என்று அடம்பிடித்து அப்படியே செய்தார். வாத்தியார் இன்னும் 1200 ரூபாய் தர வேண்டும். இதைப் படிப்பார் என்று தெரியும்.